கண்ணிமைக்கும் நேரத்தில் சுடும் கை: போலீஸ் சீர்திருத்தப் பணத்தை எதில் போடுவது?

அமெரிக்க நகரங்களில் குடியிருப்பவர்கள் நகர மன்றத்தின் பட்ஜெட் கூட்டத்துக்குப் போனால், போலீஸ் சீர்திருத்தம் என்ற தலைப்பில் பெரும்பாலும் நான்கு திட்டங்கள் முன்னால் வந்து நிற்கும். ஆழ்மனச் சாய்வு (தனக்கே தெரியாமல் மனதில் இருக்கும் இனச் சார்பு) பற்றிய ஒருநாள் வகுப்பு, சிமுலேட்டர் பயிற்சி, நிதானித்துக் கையாளும் களப் பயிற்சி, ரோந்து விதிகளையே மாற்றுவது. நான்குக்கும் ஆதரவாளர்கள் உண்டு, நான்குக்கும் சேர்த்துப் பணம் கிடையாது. எதற்குக் கை தூக்குவது என்பதுதான் கேள்வி.

இந்தக் கேள்வி இப்போது முன்னைவிட உள்ளூர்க்காரர்கள் தலையில்தான் விழுகிறது. லூயிவில், மினியாபொலிஸ் நகரக் காவல்துறைகள் மீது போட்டிருந்த வழக்குகளைக் கைவிட 2025 மே மாதம் மத்திய அரசின் நீதி அமைச்சகமே முடிவெடுத்துவிட்டது. மேலிருந்து வந்த அழுத்தம் தளர்ந்துவிட்டது. பிரச்சினை தளரவில்லை. வாஷிங்டன் போஸ்ட் நாளிதழ் 2015 முதல் 2024 வரை எடுத்த கணக்கில், போலீஸ் ஆண்டுக்கு ஏறத்தாழ ஆயிரம் பேரைச் சுட்டுக் கொல்கிறது. மக்கள்தொகை விகிதத்தில் பார்த்தால் கறுப்பினத்தவர் வெள்ளையினத்தவரைவிட இரு மடங்குக்கும் மேல் கொல்லப்படுகிறார்கள்.

சுடும் அந்த அரை நொடிக்குள் என்ன நடக்கிறது?

1999 பிப்ரவரி 4. நியூயார்க், பிராங்க்ஸ் பகுதி. கினி நாட்டிலிருந்து வந்து குடியேறிய அமடூ டியாலோ தன் வீட்டு வாசலில் நின்றிருந்தார். சாதா உடையில் இருந்த நான்கு போலீஸார் 41 முறை சுட்டார்கள். 19 குண்டுகள் பாய்ந்தன. அவர் கையில் இருந்தது பர்ஸ். நால்வரும் அடுத்த ஆண்டு விடுதலையானார்கள்.

கண் ஏன் பர்ஸைத் துப்பாக்கியாகப் பார்க்கிறது என்பதை உளவியலாளர்கள் ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுபோனார்கள். 2001-ல் கீத் பெய்ன் செய்த சோதனையில் ஒரு கறுப்பின முகமோ வெள்ளையின முகமோ 200 மில்லி நொடி திரையில் தோன்றி மறையும். உடனே ஒரு பொருள் வரும். அது துப்பாக்கியா, கைக்கருவியா என்று சொல்ல வேண்டும். அவசரமில்லாமல் பதில் சொல்ல விட்டபோது பிழைகள் குறைவு. கறுப்பின முகத்துக்குப் பின் வந்த துப்பாக்கியைக் கொஞ்சம் வேகமாக அடையாளம் கண்டார்கள், அவ்வளவே. அரை நொடிக்குள் பதில் சொல்லியே ஆக வேண்டும் என்று நெருக்கியபோது, கறுப்பின முகத்துக்குப் பின் வந்த கருவியை அதிகமுறை துப்பாக்கி என்றார்கள். சாய்வு இரண்டு நிலையிலும் ஒரே அளவுதான் இருந்தது. அவசரம் அதைப் பெருக்கவில்லை; அதைத் தடுத்து நிறுத்தும் நிதானத்தைத்தான் பிடுங்கிக்கொண்டது. இந்தக் கட்டுரையின் மீதி முழுக்க இந்த ஒரு கண்டுபிடிப்பின் மேல்தான் நிற்கிறது.

அடுத்த ஆண்டு ஜோஷுவா கொரெல் குழு வீடியோ கேம் போன்ற ஒன்றை அமைத்தது. தெரு, பூங்கா என்று படம் மாறும். திடீரென ஒரு ஆள் தோன்றுவார். கையில் துப்பாக்கி, அல்லது செல்போன், பர்ஸ், பானக் கேன். 'சுடு', 'சுடாதே' என்று இரண்டு பொத்தான்கள். 850 மில்லி நொடி அவகாசம். இன்னொரு சுற்றில் 630. ஆயுதம் வைத்திருந்த கறுப்பினத்தவரை வேகமாகவும், ஆயுதமில்லாத கறுப்பினத்தவரைத் தவறாகவும் சுட்டார்கள். கறுப்பினப் பங்கேற்பாளர்களிடமும் இதே போக்கு தெரிந்தது. ஆகவே 'இனவெறியர்களைக் கண்டுபிடித்து நீக்கிவிட்டால் போதும்' என்ற வாதம் இங்கே எடுபடாது.

850 மில்லி நொடி என்பது ஆய்வுக்கூடத்துக் கணக்கு என்று ஒதுக்கிவிடவும் முடியாது. 2021 மார்ச்சில் சிகாகோவில் ஒரு சந்துக்குள் துரத்தப்பட்ட 13 வயது ஆடம் டொலீடோவின் கையில் துப்பாக்கி தெரிந்த கணத்துக்கும், அவன் அதை விட்டுவிட்டு வெறும் கையைத் தூக்கும்போது குண்டு பாய்ந்ததற்கும் இடையே கேமராப் பதிவில் இருந்தது 838 மில்லி நொடி.

எதை வைத்து எடை போடுவது?

முதல் அளவுகோல், திட்டம் எந்த நேரத்தில் வேலை செய்கிறது என்பது. சுடும் கணத்திலா, அதற்குச் சில நிமிடம் முன்பா, அந்தச் சந்திப்பே நடக்கும் முன்பா? இரண்டாவது, சான்று எதைப் பற்றியது? வகுப்பு முடிந்ததும் நிரப்பிய படிவத்தைப் பற்றியதா, தெருவில் மாறிய நடத்தையைப் பற்றியதா? மூன்றாவது, பலன் எத்தனை நாள் நிற்கும்? நான்காவது, விலைப்பட்டியலில் வராத செலவு. 500 பேர் கொண்ட துறையில் ஆளுக்கு எட்டு மணி நேர வகுப்பு என்றால் 4,000 மணி நேரம் ரோந்தில் ஆள் குறையும். அந்த இடத்தை ஓவர்டைமில்தான் நிரப்ப வேண்டும். பயிற்சி நிறுவனம் நீட்டும் கொட்டேஷனில் இந்த வரி இருக்காது.

ஐந்தாவது அளவுகோலைத்தான் கூட்டங்களில் அதிகம் குழப்பிக்கொள்கிறார்கள். மொத்தத் துப்பாக்கிச் சூட்டைக் குறைப்பது வேறு, இனங்களுக்கு இடையேயான இடைவெளியைக் குறைப்பது வேறு. ஒரு திட்டம் முதலாவதைச் சாதித்து இரண்டாவதைத் தொடாமலே விட்டுவிடலாம். திட்டத்தை முன்வைப்பவரிடம் 'எதைக் குறைக்கும் என்கிறீர்கள்?' என்று நேராகக் கேட்டு, பதிலைக் கூட்டக் குறிப்பில் ஏற்றச் சொல்லுங்கள்.

நான்கையும் சோதிக்க ஒரே நிகழ்வை வைத்துக்கொள்வோம். 2014 நவம்பர் 22, கிளீவ்லாந்து. பூங்காவில் ஒருவன் துப்பாக்கியை நீட்டிப் பயமுறுத்துகிறான் என்று 911 என்ற அவசர உதவி எண்ணுக்கு அழைப்பு. அழைத்தவர் 'அது போலியாக இருக்கலாம்', 'சிறுவனாக இருக்கலாம்' என்றும் சேர்த்தே சொன்னார். அந்த இரண்டு தகவலும் ரோந்துக் காருக்குப் போய்ச் சேரவில்லை. கார் சாலையில் நிற்காமல் புல்தரை மேல் ஏறி, அவனுக்குச் சில அடி பக்கத்தில் வந்து நின்றது. இரண்டு நொடிக்குள் சுட்டுவிட்டார்கள். தமிர் ரைஸுக்கு வயது 12. அவனிடம் இருந்தது ஏர்சாஃப்ட் என்னும் விளையாட்டுத் துப்பாக்கி.

1. ஆழ்மனச் சாய்வு வகுப்பு

மலிவு, எளிது, எதிர்ப்பு குறைவு. யாருடைய அதிகாரத்தையும் தொடாது. அதனால்தான் நகர மன்றங்கள் முதலில் இதையே வாங்குகின்றன.

நியூயார்க் காவல்துறை 2018 முதல் தன் அதிகாரிகள் அனைவருக்கும் ஒருநாள் வகுப்பு நடத்தியது. அதை மதிப்பிட்டவர்கள் 2020-ல் வெளியிட்ட முடிவு: அதிகாரிகளுக்கு விஷயம் புரிந்தது; நிறுத்திச் சோதிப்பது, கைது செய்வது ஆகியவற்றில் இருந்த இன இடைவெளியில் மட்டும் கண்டறியத்தக்க மாற்றம் இல்லை. கால்வின் லாய் குழு 2016-ல் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் ஒன்பது விதமான முறைகளைச் சோதித்தது. ஒன்பதும் உடனடியாக ஆழ்மனச் சாய்வைக் குறைத்தன. சில மணி நேரத்திலிருந்து சில நாட்களுக்குள் ஒன்பதின் பலனும் கரைந்துவிட்டது. 2019-ல் 492 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, அளவுமானியில் சாய்வு குறைந்தாலும் நடத்தை அதோடு சேர்ந்து மாறவில்லை என்பது தெரிந்தது.

காரணம் பெய்னின் சோதனையிலேயே இருக்கிறது. வகுப்பில் கற்றுக்கொள்வது நிதானமாக யோசிக்கும் மனம். சுடும் கணத்தில் அந்த மனத்துக்கு வேலையே இல்லை. கிளீவ்லாந்து அதிகாரிக்கு அன்று காலைதான் வகுப்பு முடிந்திருந்தாலும், கார் அந்த இடத்தில் போய் நின்ற பிறகு அவருக்குக் கிடைத்தது இரண்டே நொடி.

மறைசெலவு ஓவர்டைம் மட்டுமில்லை. 'நாங்கள்தான் பயிற்சி கொடுத்துவிட்டோமே' என்ற பதில் ஓரிரண்டு ஆண்டுக்குக் கேள்விகளையெல்லாம் வாயடைத்துவிடும். கூட்டங்களில் இதன் விலையைக் குறைத்து மதிப்பிடாதீர்கள்.

வகுப்பு பொருந்துகிற இடம் ஒன்று உண்டு. விதிகளை மாற்றப் போகிற துறையில், 'ஏன் மாற்றுகிறோம்' என்பதை அதிகாரிகளுக்கு விளக்குவதற்கு அது உதவும். தனித் திட்டமாக வாங்கினால் பணம் வீண்.

2. சிமுலேட்டரில் சுடு–சுடாதே பயிற்சி

அதிகாரி நடுவில் நிற்பார். ஒரு திரை, அல்லது சுற்றிலும் 300 டிகிரிக்கு ஐந்து திரைகள். காட்சியில் வருபவர் என்ன செய்வார் என்பதைப் பயிற்சியாளர் அவ்வப்போது மாற்றலாம். இது சுடும் கணத்திலேயே வேலை செய்யப் பார்க்கும் ஒரே திட்டம்.

சான்று கலவையாக இருக்கிறது, ஆனால் அந்தக் கலவையில் ஒரு ஒழுங்கு தெரிகிறது. பிளான்ட், பெருச்சே இருவரும் 2005-ல் வெளியிட்ட சோதனைகளில், இனத்துக்கும் ஆயுதத்துக்கும் சம்பந்தமே இல்லாதபடி படங்களைக் கலந்து பல சுற்று பழக்கியபோது சாய்வு குறைந்தது. மாணவர்களிடம் ஒரு நாள் கழித்தும் அந்தப் பலன் நின்றது. ஒரு நாளுக்கும் ஓராண்டுக்கும் எவ்வளவு தூரம் என்பதை வாங்கும் முன் நினைத்துக்கொள்ளுங்கள். 2007-ல் டென்வர் போலீஸாரைச் சோதித்தபோது, பொத்தானை அழுத்தும் வேகத்தில் சாய்வு தெரிந்தாலும், சுடுவதா வேண்டாமா என்ற கடைசி முடிவில் அவர்கள் பொதுமக்களைவிடத் தேவலை. பழக்கம் உதவுகிறது.

ஆனால் எந்தப் பழக்கம் என்பதுதான் விஷயம். 2013-ல் வந்த இன்னொரு ஆய்வில், சிறுபான்மைக் கும்பல்களோடே தினமும் மோதும் சிறப்புப் பிரிவு அதிகாரிகளிடம் சாய்வு அப்படியே நின்றது. அனுபவம் சாய்வைக் கரைக்கவில்லை, கெட்டிப்படுத்தியது. இதை அப்படியே சிமுலேட்டருக்குப் பொருத்திப் பாருங்கள். இயந்திரத்தோடு வரும் காட்சித் தொகுப்பில் ஆயுதத்தோடு வருபவர்கள் பெரும்பாலும் கறுப்பினத்தவராகவும், பேசித் தீர்க்க வேண்டியவர்கள் பெரும்பாலும் வெள்ளையினத்தவராகவும் இருந்தால், நகரம் தன் பணத்தைக் கொடுத்துச் சாய்வைப் பயிற்றுவிக்கிறது.

எனவே வாங்கும் முன் ஒரு அட்டவணை கேளுங்கள்: மொத்தக் காட்சிகள் எத்தனை, ஒவ்வொன்றிலும் வருபவரின் இனம், கையில் இருந்த பொருள், சரியான முடிவு எது. ஆயுத விகிதம் எல்லா இனத்துக்கும் சமமாக இருக்க வேண்டும். சுடத் தேவையே இல்லாத காட்சிகள் பாதிக்கு மேல் இருப்பது நல்லது. ஒவ்வொரு காட்சியும் துப்பாக்கியில் போய் முடிந்தால், திரையைப் பார்த்ததுமே கை இடுப்புக்குப் போகப் பழகிவிடும்.

ஆய்வுக்கூட முடிவுகள் எப்போதும் ஒரே திசையில் போவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். வாஷிங்டன் மாநிலத்தின் ஸ்போகேன் நகர அதிகாரிகள் 80 பேரை நிஜ அளவு சிமுலேட்டரில் நிறுத்தியபோது, 2016-ல் வெளியான முடிவு தலைகீழாக இருந்தது: ஆயுதம் வைத்திருந்த கறுப்பினத்தவரைச் சுட அவர்கள் கூடுதல் நேரம் எடுத்துக்கொண்டார்கள். கவனிக்கப்படுகிறோம் என்று தெரிந்த அதிகாரி கவனமாக இருப்பார் என்பது ஒரு விளக்கம். அதனால் சிமுலேட்டரில் எடுக்கும் மதிப்பெண்ணைத் தெருவுக்கான சான்றிதழாக ஏற்காதீர்கள்.

இந்தப் பயிற்சியில் எனக்கு மிக உருப்படியாகப் படுவது, எந்த விளம்பரத்திலும் வராத ஒரு சின்ன விஷயம்: துப்பாக்கியின் குழல்முனை எங்கே இருக்கிறது என்பது. எதிராளியின் மார்புக்கு நேரே பிடித்தால் அதிகாரியின் கையும் துப்பாக்கியுமே அவர் பார்வையை மறைக்கும். எதிராளியின் இடுப்பும் கைகளும் தெரியாது. விரலுக்கும் முடிவுக்கும் நடுவே வேறு அசைவே இல்லை. முனையைத் தாழ்த்திப் பிடித்தால் கைகள் தெரியும், சுடுவதற்கு முன் ஒரு அசைவு மிச்சமிருக்கும். போலீஸாரை வைத்து ஆய்வாளர் பால் டெய்லர் செய்த சோதனையில், தாழ்த்திப் பிடித்தவர்களிடம் தவறான சூடு குறைந்தது. அதற்காக இழந்த நேரம் மிகச் சொற்பம். இதைக் கற்பிக்கப் புது இயந்திரம் தேவையில்லை. இருக்கிற பயிற்சித் திடலே போதும்.

மறைசெலவு: இயந்திரத்தைவிட அதை ஓட்டும் பயிற்சியாளர் சம்பளம், புதுக் காட்சிகளுக்கான ஆண்டுச் சந்தா. ஆள் இல்லாததால் சிமுலேட்டர் அறை பூட்டியே கிடந்தால் திட்டமே அதோடு போயிற்று.

3. தூரம், மறைவு, நேரம்: நிதானிக்கும் களப் பயிற்சி

போலீஸ் எக்ஸிகியூட்டிவ் ரிசர்ச் ஃபோரம் என்ற அமைப்பு 2016-ல் உருவாக்கிய ஐகேட் என்ற பாடத்திட்டம்தான் இதில் பேர் பெற்றது. சாரம் எளிது. ஓடிப்போய் எதிரே நிற்காதே. தள்ளி நில், காருக்கோ மரத்துக்கோ பின்னால் நில், ஒருவர் மட்டும் பேசு, துணைக்கு ஆள் வரும்வரை பேசிக்கொண்டே இரு.

இதற்குத் தெருவிலிருந்தே சான்று இருக்கிறது. லூயிவில் நகரில் 2019-ல் பிரிவு பிரிவாக, வெவ்வேறு மாதங்களில் பயிற்சி கொடுத்து, பயிற்சி பெற்ற பிரிவுகளைப் பெறாத பிரிவுகளோடு ஒப்பிட்டார்கள். பலப்பிரயோகம் 28 சதவீதம் குறைந்தது. பொதுமக்களுக்கு ஏற்பட்ட காயம் 26 சதவீதம், போலீஸாருக்கு ஏற்பட்ட காயம் 36 சதவீதம் குறைந்தன. அந்த மூன்றாவது எண்ணை மறக்காமல் எடுத்துப் போங்கள். 'நிதானித்தால் எங்கள் உயிர் போகும்' என்று சொல்லும் போலீஸ் யூனியனிடம் வைக்க அதைவிட நல்ல பதில் கிடையாது.

கிளீவ்லாந்தில் இது என்ன செய்திருக்கும்? கார் சாலையிலேயே நின்றிருக்கும். அதிகாரி கதவுக்குப் பின்னால் இருந்துகொண்டு ஒலிபெருக்கியில் பேசியிருப்பார். இரண்டு நொடி இரண்டு நிமிடமாகியிருக்கும். பன்னிரண்டு வயதுப் பையன் பன்னிரண்டு வயதுப் பையனாகத் தெரிவதற்கு இரண்டு நிமிடம் தாராளம்.

சட்டமும் இந்தப் பக்கம் நகர்ந்திருக்கிறது. 1989-ன் கிரஹாம் வழக்கிலிருந்து 'நொடிப்பொழுது முடிவு' என்பது போலீஸுக்கு வலுவான கேடயம். சில நீதிமன்றங்கள் சுட்ட கணத்தை மட்டுமே பார்த்து, அந்தக் கணத்தை உண்டாக்கியது யார் என்பதைப் பார்க்கவே மறுத்தன. 2025 மே மாதம் பார்ன்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அந்தப் பார்வையைத் தள்ளியது. முன் நடந்த அனைத்தையும் சேர்த்தே பார்க்க வேண்டும் என்றது. காரை எங்கே நிறுத்தினார் என்ற கேள்வியை நகரத்தின் வக்கீலும் இனி யோசித்தாக வேண்டும். தமிர் ரைஸ் குடும்பத்துக்கு கிளீவ்லாந்து கொடுத்தது 60 லட்சம் டாலர்.

குறைகள் இரண்டு. ஐகேட் முக்கியமாக மனநெருக்கடியில் இருப்பவர்களுக்கும், கத்தி, கல், தடி போன்றவை வைத்திருப்பவர்களுக்கும் என்று வடிவமைத்தது. எதிரே துப்பாக்கி இருக்கிறது என்று நம்பி வரும் அதிகாரி 'இது அந்த ரகம் இல்லை' என்று அதை ஒதுக்கிவிடலாம். அப்படி நம்ப வைப்பதில்தான் சாய்வு புகுந்துகொள்கிறது. இரண்டாவது குறை கனமானது. அதே லூயிவில் காவல்துறைதான் 2020 மார்ச்சில் நள்ளிரவில் கதவை உடைத்து நுழைந்து பிரியானா டெய்லரைக் கொன்றது. அந்தத் துறை கறுப்பினத்தவரிடம் பாகுபாடு காட்டுகிறது என்று 2023-ல் மத்திய நீதி அமைச்சகத்தின் அறிக்கை சொன்னது. ரோந்துக்காரர்கள் நிதானித்தார்கள், சோதனை ஆணையோடு கதவை உடைக்கப் போகிறவர்களை யாரும் நிதானிக்கச் சொல்லவில்லை. மொத்த எண் குறைந்துவிட்டதால் நியாயம் வந்துவிட்டது என்று கொள்ள முடியாது என்பதற்கு இதைவிட வேறு உதாரணம் வேண்டாம்.

4. விதிகளை மாற்றுவது

பணச்செலவு மிகக் குறைவு, அரசியல் செலவு மிக அதிகம். சந்திப்பையே தவிர்ப்பது அல்லது அதன் வடிவத்தை மாற்றுவது இதன் வழி. இதன் கீழே நான்கு தனித்தனி விதிகள் வரும்.

நிறுத்துவது. பிலடெல்பியா நகரில் 2022 மார்ச் முதல், ஒரு பிரேக் விளக்கு எரியாதது, பம்பரில் சின்ன சேதம் போன்ற எட்டு சில்லறைக் குற்றங்களுக்காக மட்டும் வண்டியை நிறுத்தக் கூடாது. ஓக்லாந்தில் இதைவிடச் சின்ன மாற்றம். ஒவ்வொரு முறை நிறுத்தும்போதும் நிரப்பும் படிவத்தில் ஒரு கேள்வி சேர்த்தார்கள்: இவரைக் குறிப்பிட்ட குற்றத்தோடு இணைக்கும் முன்தகவல் கையில் இருக்கிறதா, ஆம் அல்லது இல்லை. அடுத்த ஆண்டிலேயே, ஆண்டுக்கு ஏறத்தாழ 32,000 ஆக இருந்த நிறுத்தங்கள் 20,000-க்குக் கீழே வந்தன. கறுப்பினத்தவரை நிறுத்தியது 43 சதவீதம் குறைந்தது. அந்தக் கேள்வி அதிகாரியை ஒரு கணம் யோசிக்க வைத்தது, அவ்வளவுதான். நிறுத்தாத காரில் யாரும் பர்ஸை எடுக்கக் கையை நீட்டப் போவதில்லை.

துரத்துவது. ஆள் ஓடுகிறான், அதிகாரி தனியாக ஓடுகிறார், வேலி தாண்டுகிறார், மூச்சு வாங்குகிறது, இருட்டு, மூலை திரும்பியதும் எதிரே கை. 2018-ல் சாக்ரமெண்டோவில் ஸ்டெஃபான் கிளார்க் தன் பாட்டி வீட்டுக் கொல்லையில் சுடப்பட்டது இப்படித்தான். இரண்டு அதிகாரிகள், 20 குண்டுகள், அவர் கையில் செல்போன். அந்த ஆண்டே அந்த நகரம் துரத்தும் விதியை மாற்றியது; ஆடம் டொலீடோவுக்குப் பின் சிகாகோவும் மாற்றியது. விதியில் பார்க்க வேண்டியவை: தனியாகத் துரத்தத் தடை, ஆள் கண்ணிலிருந்து மறைந்தால் நிறுத்துவது, கொல்லைக்குள் பின்தொடராமல் தெருவைச் சுற்றி வளைத்துக் காத்திருப்பது. 'முடிந்தவரை', 'சூழலுக்கேற்ப' போன்ற சொற்கள் விதியில் இருந்தால் அது விதியே இல்லை.

சுடுவது, குறிபார்ப்பது. பழைய சான்றுகளே உறுதியானவை. நியூயார்க் காவல்துறை 1972-ல் சுடும் விதியை இறுக்கியபோது சூடு ஏறத்தாழ 30 சதவீதம் குறைந்தது என்று ஜேம்ஸ் ஃபைஃப் கணக்கிட்டார். ஓடுகிறவரை வெறுமே ஓடுவதற்காகச் சுடக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1985-ல் கார்னர் வழக்கில் தடுத்த பிறகு, போலீஸ் கையில் இறந்தவர்கள் எண்ணிக்கை சுமார் 16 சதவீதம் குறைந்தது. அந்த வழக்கு பிறந்த மெம்ஃபிஸ் நகரில், விதி இறுகிய பிறகு இனங்களுக்கு இடையேயான இடைவெளியும் சுருங்கியது. ஐந்தாவது அளவுகோலைத் தொட்ட அபூர்வமான சான்று இது. இன்றைக்கு இதன் தொடர்ச்சி, துப்பாக்கியை ஒருவர் மீது நீட்டினாலே அறிக்கை எழுத வேண்டும் என்ற விதி. அப்படி எழுதச் சொல்லும் துறைகளில் போலீஸ் சூட்டில் இறப்பவர்கள் விகிதம் குறைவாக இருப்பதை 2017-ல் ஓர் ஆய்வு காட்டியது. விதிதான் காரணமா, நல்ல துறைகள்தான் அந்த விதியைப் போடுகின்றனவா என்பதை அதிலிருந்து பிரிக்க முடியாது. ஆனாலும் செலவே இல்லாத விதி.

ரேடியோவில் சொல்வது. நான்கிலும் அதிகம் புறக்கணிக்கப்படுவது இதுதான். பால் டெய்லர் 306 அதிகாரிகளுக்கு ஒரே காட்சியைக் காட்டினார். முடிவில் அந்த ஆள் எடுப்பது செல்போன். 'போனில் பேசுகிறார்' என்று ரேடியோவில் முன்பே சொல்லப்பட்டவர்களில் 6 சதவீதம் பேர் சுட்டார்கள். பொருளைப் பற்றி எதுவும் சொல்லப்படாதவர்களில் 28 சதவீதம். 'துப்பாக்கி வைத்திருக்கிறார் போலிருக்கிறது' என்று கேட்டவர்களில் 62 சதவீதம். பயிற்சியில் இல்லை, முகத்தில் இல்லை, ரேடியோவில் வந்த ஒரு வாக்கியத்தில் பத்து மடங்கு வித்தியாசம்.

அந்த வாக்கியம் எங்கிருந்து வருகிறது? பயந்துபோய் ஜன்னல் வழியாக எட்டிப் பார்க்கும் அண்டை வீட்டாரிடமிருந்து. 2015 பிப்ரவரியில் அலபாமாவின் மேடிசன் நகரில், மகன் வீட்டுக்கு இந்தியாவிலிருந்து வந்திருந்த 57 வயது சுரேஷ்பாய் படேல் காலையில் தெருவில் நடந்தார். 'ஒல்லியான கறுப்பு ஆள் சுற்றுகிறான்' என்று யாரோ அழைத்தார்கள். வந்த அதிகாரி அவரைத் தரையில் அடித்துச் சாய்த்ததில் உடலின் ஒரு பகுதி செயலிழந்தது. அழைத்தவரின் சாய்வு எந்த வகுப்புக்கும் கட்டுப்படாது. அதை வடிகட்டக்கூடிய ஒரே இடம், அழைப்பை வாங்கி ரோந்துக் காருக்கு ரேடியோவில் சொல்லும் டிஸ்பாட்ச் நாற்காலி. 'நீங்கள் கண்ணால் பார்த்தது என்ன?', 'கையில் இருந்ததைப் பார்த்தீர்களா, ஊகிக்கிறீர்களா?', 'அவர் செய்த காரியம் என்ன?' என்ற மூன்று கேள்விகளைத் திரையில் கட்டாயமாக்கலாம். 'போலியாக இருக்கலாம்' போன்ற சந்தேகச் சொற்களை விடாமல் அப்படியே ரேடியோவில் சொல்ல வேண்டும் என்று எழுதலாம். கிளீவ்லாந்தில் விடுபட்டது அதுதான்.

விதிகளின் மறைசெலவு, அவற்றை அமல்படுத்துவது. மீறியவரைத் துறை தண்டிக்க, யூனியன் ஒப்பந்தப்படி நடுவர் அதை ரத்து செய்தால், அடுத்த வாரத்திலிருந்து விதி வெறும் காகிதம். ஆகவே யூனியன் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படும் ஆண்டைக் கவனித்து, அதற்கு முன்பே விதியைக் கொண்டுவர வேண்டும். துரத்தாமல் விட்டவன் மறுபடி குற்றம் செய்தால் செய்தியாகும் என்பதையும் மன்ற உறுப்பினர்கள் முன்பே ஏற்றுக்கொள்ள வேண்டும். அது நடக்கவே நடக்காது என்று யாராவது வாக்குக் கொடுத்தால் நம்ப வேண்டாம்.

நான்கும் பக்கத்தில் பக்கத்தில்

| | வகுப்பு | சிமுலேட்டர் | களப் பயிற்சி | விதிகள் |
|---|---|---|---|---|
| எப்போது வேலை செய்கிறது | எப்போதும் இல்லை, அல்லது வெகு முன்னால் | சுடும் கணத்தில் | சில நிமிடம் முன் | சந்திப்புக்கு முன் |
| தெருவில் சான்று | இல்லை | ஆய்வுக்கூடம் மட்டும் | உண்டு (லூயிவில்) | உண்டு (பல நகரம்) |
| இன இடைவெளி | மாறவில்லை | காட்சித் தொகுப்பைப் பொறுத்தது | தனியாகக் குறைக்கும் என்ற உறுதி இல்லை | சில இடங்களில் குறைந்தது |
| நீடிப்பு | நாட்கள் | தொடர்ந்து பழகினால் | மேலதிகாரி வலியுறுத்தும்வரை | ரத்தாகும்வரை |
| மறைசெலவு | ஓவர்டைம், பொய் நிம்மதி | பயிற்சியாளர், சந்தா | ஓவர்டைம் | அமலாக்கம், யூனியன் |

உடல் கேமராவை இந்தப் பட்டியலில் சேர்க்காததற்குக் காரணம் உண்டு. வாஷிங்டன் டிசி நகரில் 2,224 அதிகாரிகளை வைத்து நடந்து, 2017-ல் வெளியான சோதனையில் பலப்பிரயோகத்திலோ புகார்களிலோ சொல்லத்தக்க மாற்றம் இல்லை. நடந்ததை அறிய கேமரா அவசியம். 838 மில்லி நொடி என்று நாம் சொல்ல முடிவதே அதனால்தான். நடக்காமல் தடுக்க அதை நம்பிப் பணம் ஒதுக்காதீர்கள்.

உங்கள் ஊர் எந்த நிலையில் இருக்கிறது?

பணமே இல்லாத சிறிய ஊர் என்றால் விதிகளோடு தொடங்குங்கள்: துரத்தும் விதி, துப்பாக்கி நீட்டினால் அறிக்கை, டிஸ்பாட்ச் கேள்விகள். மூன்றுக்கும் சேர்த்து ஒரு வழக்கறிஞரின் சில வார வேலைதான் செலவு.

விதிகள் ஏற்கனவே ஓரளவு சரி, ஆனால் சூடுகள் பெரும்பாலும் மனநெருக்கடி அழைப்புகளில் நடக்கின்றன என்றால் களப் பயிற்சிக்குப் போங்கள். ரோந்துப் பிரிவோடு நிறுத்தாமல், சோதனை ஆணை நிறைவேற்றும் பிரிவையும் சார்ஜெண்ட்களையும் சேர்க்க வேண்டும் என்ற நிபந்தனையோடு. சார்ஜெண்ட் கேட்காத பயிற்சி ஆறு மாதத்தில் மறந்துபோகும்.

சிமுலேட்டர் ஏற்கனவே வாங்கிவிட்ட துறையில் இயந்திரத்தை எதிர்த்துப் பயனில்லை. காட்சித் தொகுப்பைத் தணிக்கை செய்யச் சொல்லுங்கள், குழல்முனைப் பழக்கத்தைச் சேர்க்கச் சொல்லுங்கள். சிறப்புப் பிரிவு அதிகாரிகளை முதலில் அனுப்பச் சொல்லுங்கள்.

எந்த நிலையிலும் கேட்க வேண்டிய ஒன்று, ஷிப்ட் அட்டவணை. தூக்கம் குறைந்த, களைத்த புதுப் போலீஸாரிடம் சுடும் முடிவில் இனச் சாய்வு கூடியதை 2013-ல் ஓர் ஆய்வு கண்டது. 2011-ல் போலீஸ் ஃபவுண்டேஷன் டெட்ராய்ட், ஆர்லிங்டன் நகரங்களில் 8, 10, 12 மணி நேர ஷிப்ட்களை ஒப்பிட்டபோது, 10 மணி நேரக்காரர்கள் 8 மணி நேரக்காரர்களைவிட அதிகம் தூங்கினார்கள், ஓவர்டைமும் குறைவு. பயிற்சிக்கு ஆள் அனுப்ப மற்றவர்களை இரட்டை ஷிப்ட் போட வைத்தால், வகுப்பறையில் சம்பாதித்ததைத் தெருவில் இழக்க நேரும். பயிற்சித் தேதிகளோடு அந்த வாரத்தின் ஓவர்டைம் கணக்கையும் சேர்த்துக் கேளுங்கள்.

எதைத் தேர்ந்தாலும், பணம் ஒதுக்கும் தீர்மானத்திலேயே இரண்டு கணக்கை எழுதி வாங்குங்கள். ஒன்று, மூன்று மாதத்துக்கு ஒருமுறை துப்பாக்கி நீட்டப்பட்ட நிகழ்வுகள், இனவாரியாக. உயிரிழப்புகள் ஒரு ஊரில் ஆண்டுக்கு ஒன்றிரண்டுதான் இருக்கும். அதை வைத்து மாற்றத்தை அளக்க முடியாது, நீட்டப்பட்டவற்றை வைத்து அளக்கலாம். இரண்டு, மாதம் 20 அழைப்புகளைக் குலுக்கி எடுத்து, 911-ல் அழைத்தவர் சொன்னதையும் ரேடியோவில் போனதையும் அருகருகே எழுதிப் பார்ப்பது. 'இருக்கலாம்' என்ற சொல் எத்தனை முறை வழியில் விழுந்துபோனது என்று எண்ணுங்கள்.